வீட்டிலக்கம் 612, கண்டி வாவி

நான் கண்டி வாவிக்குள் குடியிருக்கிறேன் என்பது எனக்கே போன ஜூன் மாதம்தான் தெரியவந்தது.

அதுவரை பிலிமத்தலாவையில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே பிரதான வீதியில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் எனக்கு வேலை. பழைய அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு படிக்கட்டுப் பாதை மேலேறும். நாற்பத்திரண்டு படி ஏறினால் எங்கள் வீடு. பாதைக்குப் பெயர் கிடையாது, வீட்டுக்கு இலக்கம் கிடையாது. 'கிருஷ்ணராஜ், பழைய அரிசி ஆலைக்குப் பின்னால், பிலிமத்தலாவை' என்று எழுதினால் போதும். தபால்காரரோ, காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரோ, என் மாமனாரோ ஒருநாளும் வழி தவறியதில்லை. மாமனார் தவறினால் நன்றாயிருக்குமே என்று நான் நினைத்த நாட்களிலும் அவர் தவறியதில்லை.

மகள் அபிநயாவுக்கு வருகிற ஜனவரியில் தரம் ஒன்று. எங்கள் படிக்கட்டு இறங்கும் இடத்திலேயே ஒரு தமிழ் வித்தியாலயம் இருக்கிறது. அங்கே மணியடிப்பதைக் கேட்டுத்தான் என் மனைவி பிரேமிளா வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துவாள். அவ்வளவு கிட்ட. பிள்ளையைச் சேர்ப்பது ஒரு வேலையே இல்லை என்று நினைத்து, கடையில் அரை மணி நேரம் மட்டும் லீவு கேட்டுக்கொண்டு விண்ணப்பத்தோடு போனேன்.

வித்தியாலய அதிபர் என் வதிவிடச் சான்றிதழைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மேலே தள்ளி ஒருமுறை, கீழே இறக்கி ஒருமுறை வாசித்தார்.

"நீங்க கண்டி வாவியிலயா இருக்கீங்க?"

"இல்ல சேர். இந்தா ஜன்னல்ல தெரியுதே நீலத் தகரம், அதுதான் நம்ம வீடு."

அதிபர் எட்டிப் பார்த்தார். நீலத் தகரம் தெரிந்தது. கொடியில் காய்ந்த என் சாரமும் தெரிந்தது.

"தெரியுது. ஆனா சான்றிதழ்ல வாவின்னுதானே இருக்கு. கரைன்னுகூட இல்ல, வாவிக்கு உள்ள. வாவியில இருக்கிற பிள்ளைய பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நான் எப்பிடி எடுக்கிறது? ஒடிட் வந்தா என்னத்தச் சொல்றது?" நல்ல மனிதர். என் சாரத்தை இன்னொருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டார். "போய்த் திருத்திக்கிட்டு வாங்க. செப்டம்பர் முடிய முந்தி வந்தா புள்ளைக்கு இடம் இருக்கு."

அந்தச் சான்றிதழைக் கொடுத்த இடத்தின் பெயர் மத்திய மலைநாட்டு வதிவிட உறுதிப்படுத்தல் அதிகாரசபை. ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாததால் சனங்கள் உறுதிச் சபை என்பார்கள். கண்டியில் ஒரு மேட்டில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கிறது. நாம் வசிக்கிறோம் என்பதை நாம் சொன்னால் போதாது, இவர்கள் சொல்ல வேண்டும்.

வரவேற்பறையில் கலைமகள் படத்துக்கும் புத்தர் படத்துக்கும் நடுவில், மின்குமிழ் எரியும் ஒரு சட்டகம் மாட்டியிருந்தது. 'அகிலம் மென்பொருள் உருவாக்க மேடையின் ஐந்து வாக்குறுதிகள்' என்று தலைப்பு. ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும். எல்லா மொழியும் அதற்கு ஒன்றே. பழையதும் புதியதும் ஒன்றோடொன்று பேசும். பிழை தானாகத் திருந்தும். இனி நிரல் எழுதத் தனியாள் தேவையில்லை.

அகிலம் என்றால் என்னவென்று நான்காம் இலக்கக் கவுண்டரில் இருந்த டிலானி மிஸ்தான் விளங்கப்படுத்தினார். எங்கள் கடையில் ஸ்பேனர் பெட்டி விற்கிறோம் அல்லவா, அதுபோல ஒன்றாம். பெட்டிக்குள் எல்லா அளவும் இருக்கும், பூட்டுவதை நாம்தான் பூட்ட வேண்டும். உலகத்தில் பாதி அலுவலகம் அந்தப் பெட்டியைத்தான் வைத்திருக்கிறதாம். உறுதிச் சபை ஏழு வருடத்துக்கு முன் அதை வாங்கி, வதிவிடப் பதிவேடு முழுவதையும் அதைக்கொண்டு பூட்டியிருக்கிறது.

"உங்க முகவரியில வீதிப் பேர் இல்ல. 'பின்னால்'னு போட்டிருக்கீங்க. அதுக்கு 'பின்னால்' விளங்காது," என்றார் டிலானி. "விளங்காட்டி ஆளைக் கொண்டுபோய் மாவட்டத்தோட நடுப்புள்ளியில வச்சிரும். நடுப்புள்ளி எதுன்னு ஆரம்பத்துல கேட்டிருக்கு. அப்ப இருந்த சேர் கண்டிப் படத்துல எந்த இடம் அழகா இருக்குன்னு பாத்து, அதைத் தொட்டு விட்டிருக்காரு."

"வாவியவா?"

"வாவியத்தான். நீங்க மட்டுமில்ல. தெல்தோட்டையில தோட்டத்து லயம் முழுக்க அங்கதான். பன்வில பாதி. நாலாயிரம் குடும்பம் தண்ணிக்குள்ள இருக்கு. மத்தவங்க யாரும் இன்னும் கேக்கல."

"இதைத் திருத்த எவ்வளவு நாள் போகும் மிஸ்?"

"ரெண்டு நிமிஷம். நான் டிப்ளோமாவுல படிச்சதே இதைத்தான்."

"அப்ப திருத்துங்களேன்!"

டிலானி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் இருந்த வட்ட ஓட்டைக்கு வாயைக் கொண்டுவந்தார். அகிலத்தோடு செய்த ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. புதுப்பிப்பதற்கு முன், அது வாக்குறுதிகளை நிறைவேற்றியதா என்று சபை தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கும்வரை யாரும் எதிலும் கைவைக்கக் கூடாதாம்.

"சரி, தீர்மானிச்ச பொறகு?"

"நிறைவேத்திருச்சுன்னு முடிவானா திருத்த ஒண்ணுமில்லையே. நிறைவேத்தலைன்னு முடிவானா அதை மூடிருவாங்க. மூடினதைத் திருத்த ஏலாது."

"அப்ப எப்பதான் மிஸ் திருத்துறது?"

"ஏழு வருஷமா நானும் அதைத்தான் கேக்கிறேன்," என்று சொல்லி, அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்.

வேறு அலுவலகமாக இருந்தால் நாலு பேர் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பிளேன்டீ குடித்து, ஒரு மணி நேரத்தில் தீர்மானித்திருப்பார்கள். மேலிடத்துச் சுற்றறிக்கையும் 'உரியவர்களுடன் விவாதித்துத் தீர்மானிக்க' என்று ஒரே வரியில்தான் சொன்னது. ஆனால் உறுதிச் சபையின் தலைவர் இராமகிருஷ்ணன், கண்டியைச் சுற்றியுள்ள கோவில் திருவிழாக்களில் முப்பது வருடமாகப் பட்டிமன்ற நடுவராக இருப்பவர். கம்பனையும் வள்ளுவனையும் பலதடவை பிரித்து வைத்து, பலதடவை சேர்த்தும் வைத்தவர். 'விவாதித்து' என்ற சொல்லைக் கண்டதும் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. சனிக்கிழமை, நகரத்தில் ஒரு மண்டபத்தில், 'அகிலம் மேடை தன் வாக்குறுதிகளை நிறைவேற்றியதா, இல்லையா?' என்று பட்டிமன்றம் வைத்துவிட்டார்.

எனக்கும் அழைப்பு. 'பயனாளி' என்று பெயர். கடிதம் வாவி முகவரிக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டதால், டிலானி மிஸ் போன் எடுத்துச் சொன்னார். மகளுக்கு இடம் கிடைக்க இதுதான் வழி என்றால் நான் கரகம் எடுத்து ஆடவும் ஆயத்தமாக இருந்தேன். கடையில் முழுநாள் லீவு கேட்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் தொழில்நுட்பப் பணிப்பாளர் நடராஜா என் தோளில் கையைப் போட்டு ஒரு மூலைக்குக் கொண்டுபோனார். யாழ்ப்பாணத்துக்காரர். அகிலத்தை வாங்கிக்கொண்டு வந்தவரே அவர்தான் என்பதால் 'நிறைவேற்றியது' அணிக்குத் தலைவர்.

"தம்பி, நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும். மேடையிலை ஏறி, வாவிக்கை இருக்கிறது நல்ல குளிர்ச்சியா இருக்கெண்டு மட்டும் சொல்லும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

"சேர், நான் அங்க இல்லையே."

"ஓம், ஓம். அது எங்களுக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாதுதானே. பெரியாக்கள் பேசேக்கை அதை ஏன் குழப்புவான்?"

அவர் விட்டதும் 'நிறைவேற்றவில்லை' அணித் தலைவர் இப்திகார் என் மற்றத் தோளைப் பிடித்தார். பொதுமக்கள் தொடர்பு அதிகாரி. "தம்பி, ஏறின உடனே அழுங்க. பேச வாணாம். கொஞ்சம் கண்ணீர் ஈந்தா நமக்கு நல்லம்."

"எனக்கு அழுகை வராதே, இப்திகார் நானா."

"புள்ளைக்கு ஸ்கூல் இல்லன்னு நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது பட்டிமன்றத்துக்கு ஒத்துவராது என்றார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஐந்து திரிக்கு ஒன்பது பேரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டதால் நாலு பேர் எரிந்துகொண்டிருந்த திரியையே இன்னொருமுறை ஏற்றினார்கள். வரவேற்பு நடனம். வரவேற்புரை. வரவேற்புரை ஆற்றியவரை வரவேற்று ஒரு கவிதை. பன்னிரண்டு மணிக்கு நடுவர் இராமகிருஷ்ணன் எழுந்து, தான் சுருக்கமாகப் பேசுவதாகச் சொன்னார். நாற்பது நிமிடம் சுருக்கினார்.

பிறகு நடராஜா ஒலிவாங்கிக்கு வந்தார். மேடைக்கு வந்ததும் அவருடைய தமிழே வேறாகிவிட்டது.

"நடுவர் அவர்களே! ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்றார்கள். எதிரணியினரைக் கேட்கிறேன், ஓடவில்லையா? இந்தக் கிருஷ்ணராஜைக் கண்டியில் ஒரே ஒரு தடவை வாவியில் எழுதினோம். பன்வில கிளையில் திறந்து பார்த்தேன், வாவி. தெல்தோட்டைக் கிளையில் பார்த்தேன், வாவி. என் மனைவியின் கைபேசியில், வாவி! யாழ்ப்பாணத்தில் மைத்துனர் வீட்டுக் கணினியிலும் வாவி! எந்த இடத்திலாவது இவர் தரையேறினாரா?"

கைதட்டல்.

"எல்லா மொழியும் ஒன்றே என்றார்கள். சிங்களத்தில் பார்த்தாலும் இவர் வாவியில்தான். தமிழில் பார்த்தாலும் வாவியில்தான். ஆங்கிலத்திலும் அதே வாவி. மூன்று மொழியிலும் ஒரே விஷயத்தைச் சொல்கிற அரச படிவம் இந்த நாட்டில் வேறு எங்காவது உண்டா?"

மண்டபமே எழுந்து கைதட்டியது. நானும் தட்டிவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதானே.

"பழையதும் புதியதும் பேசும் என்றார்கள். பழைய பதிவேட்டில் இருந்த பிழை ஒன்றுகூட வழியில் தொலையாமல் புதிய பதிவேட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பேசாமலா வந்தது? பிழை தானாகத் திருந்தும் என்றார்கள். ஏழு வருடத்தில் ஒரு பிழை அறிக்கை வந்ததா? வரவில்லை! பிழையை அறிவிக்கிற பகுதியை நாங்கள் வாங்கவே இல்லை. அகிலத்தின் மேல் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை!" நேரமணி அடித்தது. மணியடித்த பிறகும் அவர் இருபது நிமிடம் நம்பினார்.

அடுத்து இப்திகார். எடுத்த எடுப்பிலேயே மேசையில் ஓங்கித் தட்டினார்.

"நடுவர் அவர்களே! இனித் தனியாள் தேவையில்லை என்றார்களே, இன்று நிலைமை என்ன? ஏன் இன்னும் சரிவரவில்லை என்று பொதுமக்களுக்கு விளக்கம் சொல்ல மட்டும் ஒன்பது அதிகாரிகள். ஒன்பது பேரும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு விளக்க ஒருவர். அத்தனை பேரையும் மேற்பார்வை செய்ய நான். இந்த மேடை ஒழுங்காக வேலை செய்திருந்தால் எனக்கு இந்தப் பதவியே இருந்திருக்காது. நான் இங்கே நிற்பதே இது தோற்றதற்குச் சான்று!"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த மனிதர் வென்றால் மகளுக்கு வழி பிறக்கும்போல இருந்தது.

"இன்னொன்று! ஒப்பந்தத்தில் வெளிநாட்டுப் பயிற்சி என்று எழுதியிருக்கிறது. நடராஜா சேர் சிங்கப்பூருக்கு ஒருதரம் போனார். போன இடத்தில் விளங்கவில்லை என்று இன்னொருதரம் போனார். என்னை எங்கே அனுப்பினார்கள்? குருநாகலுக்கு! குருநாகல் வெளிநாடா, நடுவர் அவர்களே? அங்கே பகல் சாப்பாடு பொதிச்சோறு. அதிலும் முட்டை இல்லை!" குரல் உடைந்துவிட்டது. என்னிடம் கேட்ட கண்ணீர் அவர் கண்ணிலிருந்தே வந்தது. முன்வரிசையில் சிலர் கைக்குட்டை எடுத்தார்கள்.

இப்படியே ஆறு பேர் பேசினார்கள். அகிலம் யாருக்கு எந்த வாக்குறுதியைக் கொடுத்தது என்பதில் எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. ஒருவருக்குப் புதிய கதிரை, ஒருவருக்குப் பதவி உயர்வு, ஒருவருக்கு ஜன்னலோர மேசை. ஒருவராவது வீடு என்றோ முகவரி என்றோ வாய் திறக்கவில்லை.

கடைசியில் நடுவர் என்னை அழைத்தார். "ஏழு வருடத்துக்கு முன், பதிவேடு திறந்த முதல்நாள் முதல் ஆளாகப் பதிந்தவர். கண்டி வாவியின் முதற்குடிமகன்!" என்று அறிமுகப்படுத்தி, எனக்கொரு பொன்னாடையும் போர்த்தினார். அன்றைக்குத் திறப்பு விழாவில் பணிஸும் தேத்தண்ணியும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நான் அவ்வளவு வெள்ளனப் போனேன் என்பதை யாருக்கும் சொல்லவில்லை.

ஒலிவாங்கியைப் பிடித்தேன். "எங்க வீடு பிலிமத்தலாவையில இருக்குங்க. அரிசி ஆலைக்குப் பின்னால. அதை அப்பிடியே எழுதித் தாங்க. புள்ளைய ஸ்கூல்ல சேக்கணும்," என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அப்போது பின்வரிசையில் டிலானி மிஸ் கையை உயர்த்தி எழுந்து நின்றார். "சேர், நடுப்புள்ளியை மட்டும் மாத்தினா போதும். ரெண்டு நிமிஷத்துல..."

"பார்வையாளர் கருத்துக்கு நிகழ்ச்சி நிரலில் இடமில்லை," என்றார் நடுவர் கனிவோடு. "பயனாளியும் தலைப்புக்கு வெளியே போய்விட்டார். எளிய மனிதர், மன்னித்துவிடுவோம்." நேரமணி அடித்தது. நான் இறங்கினேன்.

தீர்ப்பு வந்தது. இரண்டு அணியும் மனம் நோகாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது பட்டிமன்ற தர்மம். முப்பது வருடம் அதைக் காத்தவர் இன்றைக்கு விடுவாரா?

"வாக்குறுதி நிறைவேறவில்லை என்கிறார் இப்திகார். அவர் உள்ளத்தில் உண்மை இருக்கிறது. நிறைவேறியது என்கிறார் நடராஜா. அவர் கையில் ஆதாரம் இருக்கிறது. ஆழ்ந்து யோசித்தேன். அகிலம் தன் கடமையைச் செய்துவிட்டது. நாலாயிரம் குடும்பத்தை, லயத்துக் காம்பராவில் கிடந்தவர்களை, கண்டியின் மிக அழகான இடத்தில் கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டது. சரித்திரத்தில் இதை யார் செய்தார்கள்? குறை எங்கே? மக்கள்தான் இன்னும் அங்கே குடிபோகவில்லை! ஆகவே மேடை நிறைவேற்றியது, மக்கள் நிறைவேற்றவில்லை என்று தீர்ப்பளித்து, வாவி வாசிகளுக்கு முறைப்படி வீட்டிலக்கம் வழங்க உபகுழு ஒன்றையும் நியமிக்கிறேன்!"

நடராஜாவும் இப்திகாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நன்றியுரையில் இப்திகாருக்கு அடுத்த பயிற்சி சிங்கப்பூரில் என்று அறிவித்தார்கள். நான் பொன்னாடையோடு பஸ்ஸில் நின்றபடி வீட்டுக்குப் போனேன். கொண்டக்டர் என்னைக் கல்யாண மாப்பிள்ளை என்று நினைத்து மிச்சக் காசைச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கே நான் கவுண்டரில் நின்றேன். டிலானி மிஸ் ஒரு படத்தை விரித்தார். வாவியைக் கணக்குக் கொப்பித் தாள்போலக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. என் இலக்கம் அறுநூற்றுப் பன்னிரண்டு.

"நாந்தானே முதல் ஆளுன்னு சொன்னாங்க?"

"ஞாயித்துக்கிழமை விசேஷமாத் திறந்திருந்தாங்க." டிலானியின் முகம் சிவந்திருந்தது. அவருக்கும் கோபம். "வாவிக்கு அந்தப் பக்கம் பெரிய ஸ்கூல் இருக்குல்ல? கிட்ட இருந்தாத்தானே அங்க புள்ளைய எடுப்பாங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கிற கட்டமெல்லாம் நேத்தே முடிஞ்சிருச்சு. இலக்கம் ஒண்ணு நம்ம சபைத் தலைவரோட தம்பி. பேராதனையில மூணு மாடி வீடு."

"அவருக்கு வீதிப் பேர் இருக்குமே மிஸ்?"

"இருக்கு. முகவரியில 'பின்னால்'னு ஒரு சொல்லைச் சேத்துக்கிட்டாரு. உடனே வாவிக்கு வந்துட்டாரு."

"எதுக்குப் பின்னால்?"

"அவரோட சொந்த வீட்டுக்குப் பின்னால்."

அறுநூற்றுப் பதினொரு பேரும் அப்படித்தான் வந்திருந்தார்கள். கடைக்குப் பின்னால், பங்களாவுக்குப் பின்னால், ஒருவர் தன் காருக்குப் பின்னால். நல்ல நல்ல வீதியில் நல்ல நல்ல இலக்கம் வைத்திருந்தவர்கள் குடும்பத்தோடு தண்ணீரில் குதித்திருந்தார்கள். எனக்கு ஒதுக்கிய கட்டம் வாவியின் மற்ற அந்தத்தில், அணைக்கட்டுப் பக்கம்.

ஊர் வித்தியாலய அதிபரிடம் திரும்ப ஓடினேன். அவர் புதிய சான்றிதழை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றியே வைத்துவிட்டார். "முதல்லயாச்சும் பிழைன்னு சொல்ல இடமிருந்துச்சு. இப்ப இலக்கத்தோட வந்திருக்கு. இனி நான் ஒண்ணும் பண்ண ஏலாது கிருஷ்ணராஜ். வாவிப் பக்கத்து ஸ்கூலுக்கே போட்டுப் பாருங்க." அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிரேமிளா பிள்ளையை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "மிஸ் கேட்டா என்ன சொல்லணும்? வீடு எங்க?"

"அரிசி மில்லுக்குப் பின்னால."

"இல்லடா தங்கம். அறுநூத்திப் பன்னெண்டு, கண்டி வாவி."

அபிநயா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நம்ம வீட்டுக்குள்ள மீன் வருமாம்மா?"

"வராது. கதவப் பூட்டிருவோம்," என்றேன் நான். பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்கு நாலு வருடமாகச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

வாவிப் பக்கத்துப் பெரிய ஸ்கூலுக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனோம். பெரிய மண்டபம், நீளமான மேசை. நடுவில் அந்த ஸ்கூலின் அதிபர் சுதர்சினி மேடம். எங்களுக்குப் பின்வரிசைக் கதிரைகளில் அயன் கலையாத உடுப்போடு பல குடும்பங்கள். மேடம் எங்கள் தாள்களைப் பார்த்து, வாவிப் படத்தில் அடிமட்டம் வைத்து அளந்தார்.

"உங்க வீடு மற்றப் பக்கம். எழுநூறு மீட்டர். நமக்கு இந்தத் தடவை வாவிக்குள்ள இருந்தே அறுநூறுக்கு மேல விண்ணப்பம். கிட்ட இருக்கிறவங்களுக்குத்தான் முதலிடம். மன்னிச்சுக்கொள்ளுங்க."

"மேடம், உண்மையச் சொல்றேன். எங்க வீடு வாவியிலயே இல்ல. பிலிமத்தலாவையில இருக்கு."

மேடம் பேனையைக் கீழே வைத்தார். "அப்ப இது பொய் முகவரியா? பொய் முகவரி கொடுத்தா பிள்ளையை எந்த ஸ்கூல்லயும் எடுக்க மாட்டாங்க. தெரியும்தானே?"

பிரேமிளா என் முழங்கையைக் கிள்ளினாள். அபிநயா தன் புதுச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருந்தால் ஊர் ஸ்கூல் இல்லை, வாவியில் இருந்தால் வாவி ஸ்கூல் இல்லை, எங்கேயும் இல்லையென்றால் எந்த ஸ்கூலும் இல்லை. ஜூன் மாதத்திலிருந்து அடக்கிவைத்த கோபத்தோடு நான் எழுந்து நின்றேன். அடுத்து என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"இல்ல மேடம், நான் வாவியிலதான் இருக்கேன்! ஏழு வருஷமா இருக்கேன்! அங்க ஒரு ஈ காக்கா இல்லாத காலத்துலயே குடியேறினவன் நான். என் புள்ள பொறந்ததே அங்கதான். இந்தா பின்னால உக்காந்திருக்காங்களே, இவங்கல்லாம் ஞாயித்துக்கிழமை வந்தவங்க. நேத்து வந்தவங்களுக்குக் கரையில இடம், முதல்ல வந்த எனக்கு அணைக்கட்டுலயா? இது என்ன நியாயம்?"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிரேமிளாவின் கண்ணில் தண்ணீர். சுதர்சினி மேடத்தின் முகத்தில் இரக்கம் தெரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஏழு வருஷம்னா அது பெரிய விஷயம்தான். தொடர்ந்து வசிச்சதுக்குத் தனியாப் புள்ளி இருக்கு, உங்களை மேல கொண்டுவரலாம். தண்ணி பில் இருக்கா?"

"எது மேடம்?"

"தண்ணி பில். அந்த முகவரிக்கு வந்த தண்ணி பில். அது இல்லாம வசிச்சதா எடுத்துக்கொள்ள ஏலாது."

எங்களுக்குப் பின்னால் இலக்கம் ஒன்றுக்காரரான தலைவரின் தம்பி தன் கோப்பைத் திறந்து தாள்களைப் புரட்டத் தொடங்கினார். அவரிடம் தண்ணி பில் இருந்தது.